சக்கை முதலாளி

ஜனவரி 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே நானும் உன் அண்ணனும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலி. மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் உன் மகனும் எப்படி இருக்கிறீர்கள்?

ஒரு சேதி. உங்கள் தாத்தா கட்டிய சர்க்கரை ஆலைக்கு இந்த வருஷம் நூறு வயது. ஆலை நம் கையைவிட்டு அரசாங்கத்தின் கைக்குப் போய், நாம் அந்த ஊரைவிட்டு வந்து எத்தனையோ காலமானாலும், புதிதாக வந்திருக்கும் மேனேஜர் நல்ல மாதிரி. நிறுவனரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடவேண்டும், குடும்பத்திலிருந்தே யாராவது எழுதிக் கொடுங்கள் என்று வீடு தேடி வந்து கேட்டார். உன் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி "அதுக்கென்ன, பேஷா எழுதிடலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் படியிறங்கியதும் பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார். அச்சகத்தில் அத்தனை வருஷம் ஊரார் எழுத்தில் பிழை பார்த்தவள் நான். சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை. இருந்தாலும் ஆசை வந்துவிட்டது.

உன் தாத்தாவை ஊரில் 'சக்கை முதலாளி' என்று ஏன் சொன்னார்கள் தெரியுமா? ஒல்லியாக இருந்ததால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி ஆலை ஒன்றுதான் இருந்தது. பிழிந்த சக்கையை வெளியே மலையாகக் கொட்டிவைப்பார்கள். உன் தாத்தா அப்போது மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்தச் சக்கையை விலைக்குக் கேட்டார். துரை விழுந்து விழுந்து சிரித்தாராம். "என் குப்பையை அள்ளிப் போக எனக்கே காசு கொடுக்கிறானா? அள்ளிக்கொள்ளச் சொல்."

தாத்தா அதை வெந்நீரில் ஊறவைத்து மறுபடி பிழிந்தார். துரையின் இயந்திரம் விட்டுவைத்த இனிப்பெல்லாம் இறங்கி வந்தது. விஷயம் தெரிந்து கம்பெனி சக்கையை நிறுத்துவதற்குள், சொந்தமாக ஒரு சின்ன ஆலை வைக்கும் அளவுக்கு மனிதர் எழும்பிவிட்டார்!

உனக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுது. முக்கியமாக, ஒரு வருஷம் புது இயந்திரம் பார்க்கச் சீமைக்குப் போனாரே, அந்தக் கதை வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணி

ஜனவரி 30

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் பார்த்துச் சந்தோஷம். அண்ணனை மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். பையனும் நலம். அவன் மேற்பார்வை பார்க்கும் கட்டடம் பத்தாவது மாடியைத் தாண்டிவிட்டது. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறான். சட்டைப் பையிலிருந்துகூட சிமெண்டு கொட்டுகிறது.

தாத்தாவைப் பற்றி எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். நான் பாவாடை கட்டின வயதில் அவர் போய்விட்டார். அவர் கை எப்போதும் பாகு வாசனை அடிக்கும். என்னை ஆலைக்குள் தூக்கிக்கொண்டு போய், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சூடான பாகை வைத்து இழுத்து, கம்பி அறுகிறதா நிற்கிறதா என்று காட்டுவார். "அவசரப்பட்டா மணல், அசந்துட்டா கல்" என்பார். வேலைக்காரர்கள் முன்னால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

சீமைக் கதை எல்லாம் பழைய விஷயம். எனக்கு ஒன்றும் தெரியாது. அதை விட்டுவிட்டு எழுதினாலும் புத்தகம் நிறையும்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பையனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

பாகுக் கம்பி சமாசாரத்தை அப்படியே எழுதிவிட்டேன். கேள், இன்னொன்று கிடைத்தது. கம்பெனி ஆலையின் எடை மேடையில் விவசாயிகளுக்கு எப்போதும் அடி விழுமாம். ஏற்றின கரும்பு வேறு, முள் காட்டும் கணக்கு வேறு. உன் தாத்தா தன் ஆலையில் எடைக்கல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, "உங்க ஆள் ஒருத்தர் இங்க உட்காரட்டும். அவர் சரின்னு சொன்னாத்தான் எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டாராம். அடுத்த பருவத்திலேயே பாதி வண்டிகள் இவர் வாசலுக்குத் திரும்பிவிட்டன. என்ன மனுஷர்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூடத்தில் மாட்டியிருக்கும் அவர் படத்துக்குத் தூசி தட்டியிருக்கிறேன். இப்போதுதான் அவர் முகத்தையே பார்க்கிறேன்.

ஆனால் சீமைப் பயணம் ஒட்டமாட்டேன் என்கிறது. உன் அண்ணனைக் கேட்டால் கப்பல், பனி, புகைபோக்கி என்று அளக்கிறார். "எந்த ஊருக்குப் போனாராம்?" என்றால், "சீமைக்குத்தான்" என்கிறார். ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் வீட்டுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்ததில்லை. ஒரு தெருப்பெயர் சொன்னதில்லை. புது இயந்திரமும் வரவில்லை. பிழை பார்த்துப் பழகின கண், அந்த இடத்துக்கு வந்தால் நின்றுவிடுகிறது. உனக்குத் தெரிந்தால் சொல்லேன்.

உன் அண்ணி

ஏப்ரல் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம்தானா? மார்ச் முழுக்கத் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து, அவரே இப்போது என்னைக் கண்டால் கைவிரித்துக் காட்டிவிட்டுச் சைக்கிளை மிதிக்கிறார். நான் கேட்டதில் ஏதாவது மனவருத்தமா? அப்படியானால் புத்தகம் எக்கேடு கெட்டாவது போகட்டும். இரண்டு வரி எழுது.

உன் அண்ணி

ஏப்ரல் 14

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

தாத்தா சீமைக்குப் போகவில்லை. அந்த ஒரு வருஷம் அவர் ஜெயிலில் இருந்தார். ஆலையில் பாய்லர் வெடித்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அதற்கு அவர்தான் காரணம் என்று தீர்ப்பாயிற்று. அப்பா சாகக் கிடந்தபோது, பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன், அப்போது சொன்னார். "அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், அவன் தாத்தாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்" என்றார். அன்றிலிருந்து எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அவர் படத்தை இங்கே நான் மாட்டாததற்கும் அதுதான் காரணம்.

கையெடுத்துக் கும்பிடுகிறேன், இதை எழுதாதீர்கள். மூன்று பேர் சாவதற்குக் காரணமான மனுஷன் என்று அச்சில் வந்தால், அதைப் படிக்கிற நம் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

பையன் வீட்டில்தான் இருக்கிறான். வேலை கொஞ்ச நாள் நிற்கிறது. தட்டில் சோறு போட்டால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 25

என் அன்பு நாத்தனாருக்கு,

இத்தனை வருஷம் இதைத் தனியாகவா சுமந்தாய்? உன் சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தும் அச்சுக்குப் போகாது. உன் அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர் இன்னும் கப்பலிலேயே இருக்கிறார்.

உன் மகனுக்கு என்ன? கட்டட வேலை எதற்கு நிற்கிறது? என்னிடம் சொல்லக்கூடியதென்றால் சொல். சொல்ல முடியாவிட்டால் இங்கே புறப்பட்டு வாருங்கள். மாடி அறை சும்மாதான் இருக்கிறது.

உன் அண்ணி

மே 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் நலம், என் கடைவாய்ப் பல் தவிர. நீ என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் உட்கார்ந்து நிதானமாகப் படி.

போன வாரம் ஆலைக்குப் போயிருந்தேன், ஒரு பழைய படத்தை வாங்கி வர. அங்கே போனதும் பல் உயிரை எடுத்தது. ஆலைத் தெருவிலேயே ஒரு பல் டாக்டர், நம் வயதுப் பெண்மணி. நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார். டாக்டர்கள் எப்போதும் அப்போதுதானே கேட்பார்கள்! எப்படியோ குழறிச் சொன்னேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"சக்கை முதலாளி வீட்டு மருமகளா நீங்க?"

"ம்" என்றேன்.

"நான் பாய்லர்க்காரர் பேத்தி. பாய்லர் வெடிச்சு செத்தாரே, அவரோட பேத்தி."

அவர் கையில் துளை போடும் கருவி. என் வாயோ திறந்தபடி. குடும்பப் பழி தீர்க்க இதைவிட வசதி யாருக்கும் வாய்க்காது. எனக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. அவரோ கருவியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் காலையில எங்க தாத்தா உங்க பெரியவர்கிட்ட போய், குழாய் ஒழுகுது, அணைச்சுட்டுப் பார்க்கணும்னு சொல்லியிருக்கார். வெளிய வண்டி வண்டியா கரும்பு நிக்குது. வெட்டின கரும்பு காத்திருந்தா கெட்டுப்போகும். விவசாயிங்க எல்லாம் அவரை நம்பி வந்தவங்க. 'இந்த வண்டிங்க முடியட்டும், அணைச்சுடலாம்'னு சொல்லிட்டார். பொழுது சாயறதுக்குள்ள வெடிச்சுடுச்சு."

நான் பஞ்சைத் துப்பிவிட்டேன். "அப்போ அவர்தானே காரணம்?"

"ஆமா. அதை யார் சொன்னது தெரியுமா? அவரேதான் சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனியும் வெள்ளைக்கார அதிகாரியும் சேர்ந்து, பாய்லர்க்காரன் குடிச்சுட்டுத் தூங்கிட்டான்னு எழுதித் தயாரா வெச்சிருந்தாங்க. சாட்சிகூட ரெடி. பெரியவர் 'ஆமா'ன்னு தலையாட்டினா போதும். இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கும், புது பாய்லர் வந்திருக்கும், அவருக்கு ஒரு கேஸும் இல்ல. காலையில நடந்த பேச்சு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் செத்துட்டார். இவரு கோர்ட்டுல ஏறி, 'அவன் நிறுத்தச் சொன்னான். ஓட்டச் சொன்னது நான். அவன் குடிக்கிறவன் இல்ல'ன்னு சொல்லிட்டார்."

அதற்குத்தான் அந்த ஒரு வருஷம். உன் அப்பா சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதியோடு நின்றுவிட்டார். ஒருவேளை அவருக்கே அவ்வளவுதான் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

இன்னும் கேள். விடுதலையானதும் தாத்தா நேராக வீட்டுக்கு வரவில்லை. பாய்லர்க்காரர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றிருக்கிறார். டாக்டரின் அம்மா அப்போது சின்னப் பெண். தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றவள். அந்த அம்மாள் கதவைத் திறந்து, "உள்ள வாங்க. ஆனா நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாளாம்.

"அதுக்கு வரலம்மா" என்றாராம் இவர். "உன் புருஷன் குடிக்கலன்னு உன் பிள்ளைங்க என் வாயால கேட்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

டாக்டர் என்னிடம் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க பாட்டி சாகிற வரைக்கும் அவரை மன்னிக்கல. ஆனா அவரைப் பத்தி யாராவது தப்பா பேசினா பேச விடமாட்டாங்க. குடிகாரன் பிள்ளைங்கன்னு பேர் வாங்காம எங்க அம்மா தலைநிமிர்ந்து வளர்ந்தாங்க. நான் டாக்டருக்குப் படிச்சேன். அதெல்லாம் அவரு அந்தக் கூண்டுல சொன்ன வார்த்தையில இருந்து ஆரம்பிச்சது."

பல்லைப் பிடுங்கிவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. மரத்துப்போன தாடையோடு அழுவது மகா கஷ்டம்.

உன் அண்ணி

ஜூன் 3

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நலம். உங்கள் பல் ஆறிவிட்டதா?

கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். சில விஷயங்கள் தெரிய வேண்டும். கூண்டில் ஏறியபோது தாத்தா பயந்தாரா? வேண்டாம் என்று வீட்டில் யாரும் தடுக்கவில்லையா? பாட்டி என்ன செய்தாள்? திரும்பி வந்த பிறகு ஊர் அவரோடு பேசியதா? விவசாயிகள் மறுபடி கரும்பு கொண்டுவந்தார்களா? நல்லதை மட்டும் பொறுக்கி எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 12

என் அன்பு நாத்தனாருக்கு,

ஏன் என்று கேட்கமாட்டேன். நீ கேட்டதற்காக மறுபடியும் பல் டாக்டரிடம் போனேன், இந்தத் தடவை பல் வலிக்காமலே.

பயந்தார். பாய்லர்க்காரர் மனைவி கோர்ட்டில் இருந்தாள். கூண்டில் ஏறியதும் உன் தாத்தா தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு மறுபடியும் கேட்டாராம். டம்ளரைப் பிடித்த கை ஆடி, சட்டையெல்லாம் நனைந்துவிட்டதாம்.

பாட்டியைப் பற்றி உன் அண்ணனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. எதற்கு இத்தனை கேள்வி என்று அவர் பிடிகொடுக்காமல் இருக்கவே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள். எழுந்து தாத்தா படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு, "கப்பல் கதையை எத்தனை பேர்கிட்ட அளந்திருக்கேன்! இதைச் சொல்லியிருக்கலாமே, இதுதான் பெருசு" என்றார். சீமைக்குப் போகவேண்டாமென்று முதலில் தடுத்ததாகப் பாட்டி இவரிடம் சொன்னதெல்லாம் உண்மையில் இதைத்தான். புருஷனோடு பேசாமல்கூட இருந்திருக்கிறாள். "நீங்க போயிட்டா ஆலை?" என்று கேட்டாளாம். அவர் போன மறுநாள் காலையில் அவளே எடை மேடைக்குப் போய் நின்றாளாம். தாத்தா சீமையில் இருந்தபோது பாட்டி ஆலையை நடத்தினாள் என்று உன் அண்ணன் பெருமை பேசுவாரே, அந்த வருஷம் இதுதான்.

ஊர்? முதல் பருவத்தில் நிறைய வண்டிகள் கம்பெனி ஆலைக்குப் போய்விட்டன. ஜெயிலுக்குப் போனவன் என்று திண்டாட வைத்தார்கள். அடுத்த பருவத்தில் பலர் திரும்பினார்கள். தன் தப்பையே மறைக்காதவன் எடையிலா மறைக்கப்போகிறான் என்று பேசிக்கொண்டார்களாம். எல்லோரும் திரும்பவில்லை. சிலர் கடைசிவரை முகம் கொடுக்கவில்லை.

உள்ளது இவ்வளவுதான். நான் பிழை பார்த்தவள். விட்டுப்போன வரி எங்கே இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியும். என்ன வரி என்று தெரியாவிட்டாலும் போகட்டும். இந்தக் கடிதத்தையும் போன கடிதத்தையும் உன் மகனிடம் படிக்கக் கொடு.

உன் அண்ணி

ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்களுக்கும் மாமாவுக்கும் உடல்நலம் எப்படி? அம்மா நலம். நானும், சொல்லப்போனால், பரவாயில்லை. அம்மா எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் எங்கள் கட்டடத்தில் ஆட்களை ஏற்றும் லிஃப்ட் அறுந்து விழுந்தது. அதை ஓட்டியவர் இறந்துபோனார். அன்று காலையில் அவர் என்னிடம் வந்து, கம்பி வடம் பிரிந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். கான்கிரீட் போடும் நாள். "இன்னைக்கு ஒரு நாள் ஓட்டுங்கண்ணே, நாளைக்கு மாத்திடலாம்" என்று சொன்னது நான். இது வேறு யாருக்கும் தெரியாது. கம்பெனி வக்கீல், அவர் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாக ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து, என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்தார். நான் கையெழுத்துப் போடவுமில்லை, போடமாட்டேன் என்று சொல்லவுமில்லை. அம்மாவிடம் சொன்னேன். முதலில் அம்மாவும் போட்டுவிடு என்றுதான் சொன்னாள். அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். பெற்ற மகன் ஜெயிலுக்குப் போக எந்த அம்மா ஆசைப்படுவாள்?

உங்கள் கடிதங்களை என் மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்த மாதம் விசாரணை நடந்தது. அம்மாவும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "அவர் காலையிலேயே சொன்னார் சார். ஓட்டச் சொன்னது நான்தான். அவர் குடிக்கிறவர் இல்ல" என்றேன். வக்கீல் என் பக்கம் சாய்ந்து, "பதற்றத்துல பேசறீங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "நாலு மாசமா யோசிச்சுட்டேன் சார்" என்றேன். நானும் தண்ணீர் கேட்டேன், அத்தை. எனக்கும் கொட்டியது.

வேலை போய்விட்டது. வழக்கு வரும் என்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியவில்லை. லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறக்கவில்லை. மறுபடியும் போவேன். திறக்காவிட்டால் வெளியிலிருந்தே அவர் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லிவிட்டு வருவேன். புத்தகத்தில் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒரு வரிகூடக் குறைக்க வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள். அவர் படம் ஒன்று வேண்டுமாம்.

நான் சொன்ன பிறகு, கட்டடத்தின் பின்பக்கம் இருக்கும் இன்னொரு லிஃப்டின் வடத்தையும் இறக்கிப் பார்க்கும்படி அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். அதுவும் உள்ளே நூல் நூலாகப் பிரிந்திருந்ததாம். இத்தனை நாளும் அதில்தான் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாற்றிவிட்டார்கள். நேற்றுக் காலை எதிர்த்தெருவில் நின்று பார்த்தேன். கொத்தனார்களும் சித்தாள்களும் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது மெதுவாக ஒவ்வொரு மாடியாகக் கடந்து உச்சிக்குப் போய் நின்றது. கதவு திறந்தது. ஒவ்வொருவராக இறங்கி வேலைக்குப் போனார்கள்.

கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்